மே மாதத்துக் கத்தரிக் கன்றுகளுக்கு ஒரு குழாய்க் கூடாரம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்தால் போதும், கடை வாசல்களில் மிளகாய்க் கன்றும் தக்காளிக் கன்றும் வந்து நின்றுவிடும். பகலில் 20 பாகை. சனம் ஸ்வெற்றரைக் கழற்றிவிட்டு மண்வெட்டியைத் தேடும். அம்மாவும் அந்தச் சனத்தில் ஒருவர்தான். “தம்பி, இவ்வளவு வெயில் எறிக்குது, இன்னும் ஏன் கன்றுகளை உள்ளுக்கு வைச்சிருக்கிறாய்?” என்று கேட்பார். “பகலைப் பார்க்காதேங்கோ அம்மா, இரவைப் பாருங்கோ” என்று சொல்லிச் சமாளிப்பேன்.

இங்கே இரவுதான் கணக்கு. ரொறன்ரோப் பகுதியில் கடைசி உறைபனி சராசரியாக மே மாதத்தின் முற்பாதியில் வரும். சராசரி என்றால் பல ஆண்டுகளில் அதற்குப் பிறகும் வரும் என்றுதான் அர்த்தம். ஏரிக்கரையை ஒட்டிய நகர மையத்தில் கட்டடங்களின் சூடும் ஏரியும் சேர்ந்து இரவைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். வடக்கே மார்க்கம், ஸ்ரூவில் பக்கம் போகப் போகக் குளிர் கூடும். நாங்கள் இரண்டுக்கும் நடுவில். 2020 ஆம் ஆண்டு மே 9 ஆம் திகதி ரொறன்ரோவில் பனித்தூள் பறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதனால்தான் இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் விக்ரோரியா தினம் கழியும்வரை தக்காளியும் மிளகாயும் நடமாட்டார்கள். அந்தத் தினம் மே 25க்கு முன் வரும் திங்கட்கிழமை. சில ஆண்டுகளில் 18 ஆம் திகதியே வந்துவிடும், சில ஆண்டுகளில் 24 வரை இழுக்கும். இயற்கை நாள்காட்டி பார்த்து நடப்பதில்லை என்றாலும், விதி மோசமான விதி இல்லை.

ஆனால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உறைபனி மட்டும் எதிரி இல்லை. இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கினாலே கத்தரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். சாகாது, வளராமல் நிற்கும். மே 10 இல் நட்டு மூன்று வாரம் குளிரில் நின்ற கன்றை, ஜூன் முதல் வாரம் சூடான மண்ணில் நட்ட கன்று எட்டிப் பிடித்து முந்திவிடும். இதை அயல் வளவுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் ஒரு கூடாரம் கட்டலாம் என்று தீர்மானித்தேன். நோக்கம் சீக்கிரமாக நடுவதல்ல. நட்ட கன்று முதல் நாளிலிருந்தே வளர வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நடந்தது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே கடைசியில் நடவேண்டிய கத்தரிக்கும் மிளகாய்க்கும் மார்ச் நடுப்பகுதியில் விதை போட்டேன். எட்டு முதல் பத்து வாரம் அவற்றுக்கு வேண்டும். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும் என்பதால் ஏப்ரல் தொடக்கம். பாகலும் புடோலும் வேரைத் தொட்டால் கோபிக்கிற சாதி. அவற்றை ஏப்ரல் கடைசியில்தான் தனித்தனிச் சாடிகளில் போட்டேன். பாகல் விதையின் ஓடு தடிப்பானது. முனையை நகம்வெட்டியால் லேசாகக் கடித்துவிட்டு ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு ஒழுங்காக வரும்.

விதைத் தட்டுக்கு அடியில் சூடாக்கும் பாய் ஒன்று. மண் 25 பாகைக்கு மேல் நின்றால் கத்தரி ஒரு வாரம் பத்து நாளில் தலைகாட்டும். யன்னல் வெளிச்சத்தை நம்பினால் கன்று கொடிபோல நீண்டு சாயும். பேஸ்மென்றில் நான்கு அடி எல்ஈடி லைற்றுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டு, இலைகளுக்கு மேலே ஒரு கை அகல உயரத்தில் நிறுத்தி, ரைமரில் 16 மணி நேரம் எரியவிட்டேன். கன்று உயர உயரச் சங்கிலியையும் உயர்த்த வேண்டும். ஒரு சின்ன மின்விசிறி காற்றடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு இரண்டு வேலை. மண்ணின் மேற்பரப்பு காய்ந்து கிடந்தால் நாற்றழுகல் வராது. தண்டும் ஆடி ஆடித் தடிக்கும். தண்ணீரைத் தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விட்டேன்.

மண்

எங்கள் பின்வளவு மண்ணைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டார்கள், மிஞ்சியது களி. மழை பெய்தால் சப்பாத்தைப் பிடித்து வைத்திருக்கும், வெயிலில் ஓடுபோல வெடிக்கும். அதைக் கொத்திப் பண்படுத்தலாம், பல ஆண்டு வேலை. நான் நான்கடிக்கு எட்டடியில் சீடார்ப் பலகையால் ஒரு சட்டம் அடித்து, பத்து அங்குல உயரத்துக்கு மண் நிரப்பினேன். இந்த அளவுக்கு ஏறக்குறைய ஒரு கன யார் மண் வேண்டும். இங்கே ‘ரிப்பிள் மிக்ஸ்’ என்று விற்பது மேல்மண், பீற், கொம்போஸ்ற் மூன்றும் கலந்தது. அதை அப்படியே நம்பாமல் இலைக் கொம்போஸ்ற்றும் சேர்த்தேன். சட்டத்துக்கு அடியில் இருந்த புல்லை வெட்டி எடுக்கவில்லை. மேலே பெரிய கார்ட்போர்ட் மட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று படும்படி விரித்து நனைத்துவிட்டு மண்ணைக் கொட்டினேன். மட்டை உக்குவதற்குள் புல் செத்துவிடும்.

உயர்த்திய பாத்திக்கு இன்னொரு நன்மை, வசந்தத்தில் சீக்கிரம் தண்ணீர் வடியும். ஈரக் களி சூடேற நாளெடுக்கும். வடிந்த மண் விரைவாகச் சூடேறும். அதை இன்னும் விரைவாக்க, ஏப்ரல் கடைசியில் பாத்திமேல் கறுப்புப் பிளாஸ்ரிக் ஒன்றை மண்ணோடு ஒட்டி இறுக விரித்தேன். ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றால் பிளாஸ்ரிக்தான் சூடாகும், மண் சூடாகாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்ரிக் இன்னும் கூடச் சூடாக்கும். ஆனால் அதற்கடியில் களை ஆனந்தமாக முளைக்கும்.

மண் சூடேறிவிட்டதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. இறைச்சி வேகும் பதம் பார்க்கிற வெப்பமானி ஒன்று குசினியில் சும்மா கிடந்தது. அதைக் காலையில் பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் குத்திப் பார்த்தேன். காலை வாசிப்புத்தான் பெறுமதியானது, மாலையில் பார்த்தால் மண் பொய் சொல்லும். தொடர்ந்து சில காலைகளில் 16 பாகை காட்டும்வரை கத்தரிக்குப் பாத்தி திறக்கப்படவில்லை.

உறைபனி எங்கிருந்து வருகிறது

கூடாரத்தை எப்படிக் கட்டுவது என்பது இந்தக் கேள்வியில் தங்கியிருக்கிறது. குளிர் மேலிருந்து கன்றின்மேல் விழுகிறது என்று நினைத்தால் கன்றின் தலைக்கு ஒரு தொப்பி போடுவோம். பலர் செய்வது அதுதான்: ஒரு பையைக் கவிழ்த்து, தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். காலையில் பார்த்தால் பைக்குள் இருந்த கன்றும் கருகி இருக்கும்.

உண்மையில் நடப்பது வேறு. பகலில் மண் வெயிலை வாங்கிச் சூட்டைச் சேமிக்கிறது. இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் ஒரு பங்கு திரும்பி வரும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் எல்லாம் போய்விடும். நிலத்தை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்து, இலைகள் தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காலநிலை அறிவிப்பில் சொல்லும் வெப்பநிலை நிலத்திலிருந்து ஆளுயரத்துக்குக் கிட்ட வைத்த கருவியில் எடுத்தது. ஆகவே ‘இன்றிரவு 3 பாகை’ என்று கேட்டு நிம்மதியாகப் படுத்தால், விடிய எழும்பும்போது புல் வெள்ளையாக இருக்கலாம். நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற, இலை அசையாத இரவுதான் எனக்கு ஆபத்தான இரவு. மழைக்கால இருட்டுப்போல மூடிக் கிடக்கும் இரவில் 3 பாகை என்றால் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

இதிலிருந்து மூன்று விடயங்கள் தாமாக வந்துவிடுகின்றன. சூடு மண்ணில் இருக்கிறது, ஆகவே மூடும் துணி நாலாபக்கமும் நிலம்வரை வந்து மண்ணைச் சேர்த்து மூட வேண்டும். துணி இலையில் படக்கூடாது, பட்ட இடம் துணியோடு சேர்ந்து குளிரும். பிளாஸ்ரிக் என்றால் அந்த இடம் கட்டாயம் கருகும். மண்ணில் சேமிப்பு இருக்க வேண்டும், அதாவது மண் ஈரமாகவும் வெறுமையாகவும் இருக்க வேண்டும். ஈரமண் காய்ந்த மண்ணைவிடக் கூடச் சூட்டைப் பிடித்து வைக்கும். எனவே குளிர் இரவு வருகிறதென்றால் அன்று மத்தியானத்துக்கு முன்பே பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிடுவேன். வைக்கோல் பரப்புவதை ஜூன் நடுப்பகுதிவரை தள்ளிப்போட்டேன். வைக்கோல் பகல் வெயிலையும் மண்ணுக்கு விடாது, இரவில் மண்ணின் சூட்டையும் கன்றுக்கு விடாது.

கட்டியது

முதல் வேலை ஒரு தொலைபேசி அழைப்பு. கம்பி அடிக்கப் போகிறோம் என்றால் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவையில் பதிந்து, நிலத்துக்கடியில் என்ன ஓடுகிறது என்று குறித்துத் தரச் சொல்ல வேண்டும். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. வந்து புல்லில் வர்ணம் தெளித்துவிட்டுப் போவார்கள்: மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி, இணையக் கேபிள்கள். ஒரு தோட்டத்துக்கு இதெல்லாம் தேவையா என்று சிரிப்பவர்கள் உண்டு. இணையக் கேபிள் பல வளவுகளில் ஒரு மண்வெட்டி ஆழம்கூட இல்லாமல் ஓடுகிறது. அறுத்துவிட்டு வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு முகம் கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

பிறகு சாமான்கள். அரை அங்குலப் பீவீசீக் குழாய் பத்தடி நீளத்தில் ஆறு. இரண்டடி நீளக் கொங்கிறீற் கம்பி பத்துத் துண்டு, குழாய்க்குள் சுகமாகப் போகிற தடிப்பில். இரண்டங்குலச் சதுரச் சட்டம் எட்டடியில் இரண்டு. உறைபனித் துணி.

கம்பிகளைச் சட்டத்தின் உட்பக்கமாக, இரண்டடிக்கு ஒன்றாக, ஒரு பக்கத்துக்கு ஐந்து வீதம் அடித்தேன். 16 அங்குலம் மண்ணுக்குள், 8 அங்குலம் வெளியே. பத்து அங்குலப் புதுமண்ணைத் தாண்டிக் களிக்குள் ஆறு அங்குலம் இறங்கினால்தான் பிடி இருக்கும். புதுமண்ணில் மட்டும் நின்றால் முதல் காற்றுக்கே சரியும். ஐந்து குழாய்களை ஏழடிக்கு வெட்டி, ஒரு முனையைக் கம்பியில் செருகி, வளைத்து மறுபக்கக் கம்பியில் செருகினேன். நான்கடி அகலத்துக்கு ஏழடிக் குழாய் நடுவில் இரண்டரை அடி உயரம் தருகிறது. முழுப் பத்தடியையும் வளைத்தால் கூடாரம் இன்னும் உயரமாக வரும். பார்க்க அழகு, ஆனால் உயரமான கூடாரம் காற்றுக்குப் பாய்மரம். குளிரான நாளில் குழாய் வளைய மறுக்கும், வெடிக்கவும் கூடும். வெயில் நாளில் ஒரு மணித்தியாலம் புல்லில் போட்டுவைத்து வளைத்தால் சொன்னபடி கேட்கும்.

ஆறாவது குழாயை எட்டடிக்கு வெட்டி, வளைவுகளின் முதுகில் நெடுக வைத்து, சைக்கிள் ரியூப் கீலங்களால் ஒவ்வொரு சந்தியிலும் இறுக்கிக் கட்டினேன். இந்த முதுகெலும்பு இல்லாவிட்டால் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடையில் குழம்புகிற இடம் அதுதான். வெள்ளையாக, லேசாக, நெய்யாத துணிமாதிரி இருக்கும், பொலிப்புறொப்பிலீன். மெல்லியது சதுர மீற்றருக்கு 20 கிராமுக்குக் கிட்ட இருக்கும். வெளிச்சத்தில் 85 வீதம் வரை உள்ளே விடும், ஆனால் குளிரிலிருந்து ஓரிரு பாகைதான் காக்கும். உண்மையில் அது பூச்சிக்கான துணி. தடித்தது சதுர மீற்றருக்கு 50 கிராம் அளவில். நான்கு பாகைவரை காக்கும், வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். நான் இரண்டையும் வாங்கினேன். மெல்லியது எப்போதும் கூடாரத்தின்மேல் இருக்கும். தடித்தது இரவு விருந்தாளி, மாலையில் வந்து காலையில் போய்விட வேண்டும்.

பிளாஸ்ரிக் ஏன் வேண்டாம் என்று கேட்டால், அதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். வெயில் வந்த ஒரு மணி நேரத்தில் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் 40 பாகை தாண்டும். வேலைக்குப் போகிறவர் காலை ஏழு மணிக்கு மேகம் பார்த்து மூடிவிட்டுப் போய், மத்தியானம் வெயில் எறித்தால், மாலையில் அவித்த கீரை எடுக்கலாம். துணி மூச்சுவிடும், மழையையும் உள்ளே விடும்.

துணியின் அகலம் பத்தடி. வளைவுக்கு ஏழடி போக, பக்கத்துக்கு ஒன்றரை அடி மிச்சம். அந்த மிச்சத்தை எட்டடிச் சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்ரேப்பிள் அடித்தேன். சட்டத்தின் பாரமே துணியை நிலத்தோடு அழுத்தி வைத்திருக்கும். காற்றோட்டம் வேண்டுமென்றால் சட்டத்தை உருட்டி மேலே தூக்கி வைத்தால் சரி. துணியைக் குத்தி நிலத்தில் முளை அடிக்கச் சொல்வார்கள். அந்தத் துளைதான் பிறகு கிழிசலாக வளரும். இரண்டு முனைகளிலும் தொங்கும் துணியைக் கூட்டிச் சுருட்டி ஒரு செங்கல் வைத்தேன். வளைவுகளில் துணியைப் பிடிக்க, முக்கால் அங்குலக் குழாயை மூன்று அங்குலத் துண்டுகளாக அறுத்து, நீளப்பாட்டில் மூன்றிலொரு பங்குச் சீவலை நீக்கினால் நல்ல கவ்விகள் கிடைக்கும். ஓரங்களை அரத்தாளால் தேய்க்காமல் விட்டால் துணியை வெட்டும்.

காற்றைப் பற்றி. 2022 ஆம் ஆண்டு மே 21, விக்ரோரியா தின நீண்ட வாரவிடுமுறையின் சனிக்கிழமை, தென் ஒன்ராறியோவைக் குறுக்கறுத்து ‘டெரேச்சோ’ என்கிற காற்றுப் புயல் அடித்தது. மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேல் வீச்சுப் பதிவானது. எல்லோரும் கன்று நடுகிற அந்த வாரவிடுமுறையில்தான். அப்படிப்பட்ட காற்றுக்கு நிற்கிற கூடாரத்தை யாரும் பின்வளவில் கட்டப்போவதில்லை. ஆகவே கவ்விகளை வளைவுக்கு மூன்று என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன். பெருங்காற்று வந்தால் கவ்வி கழன்று துணி பறக்கட்டும், சட்டம் மிஞ்சும். பறந்த துணியை வேலியில் போய் எடுக்கலாம்.

வெளிக்குப் பழக்குதல்

லைற்றுக்கு அடியில் வளர்ந்த கன்றுக்கு வெயிலும் தெரியாது, காற்றும் தெரியாது. இலையின் மேல்தோல் மெல்லியது. அதை நேரே மே மாத வெயிலில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் இலைகளில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு அந்தத் திட்டுக் காய்ந்து கடதாசியாகும். மே வெயிலைக் குளிர்தானே என்று எண்ணக்கூடாது. சூரியன் அந்த நேரத்தில் ஜூலைக்குக் கிட்டிய உயரத்தில் நிற்கிறது.

பிள்ளைகளின் பழைய சிவப்பு வண்டில் ஒன்று கராஜில் இருந்தது. தட்டுகளை அதில் அடுக்கி, முதலில் வீட்டின் வடக்குப் பக்க நிழலில் ஒரு மணி நேரம். பிறகு நிழலில் நேரத்தைக் கூட்டி, அதன் பிறகு காலை வெயில், கடைசியில்தான் மத்தியான வெயில். ஒரு வாரத்திலிருந்து பத்து நாள்வரை இது இழுக்கும். தொடக்க நாள் மேகமூட்டமாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். காற்று அடிக்கும் நாளில் வண்டிலைக் கராஜ் சுவரோரம் ஒதுக்கினேன். சின்னக் காற்று தண்டுக்கு நல்லது, பெருங்காற்று இலையைக் கிழிக்கும். இந்த நாட்களில் பசளை போடவில்லை, தண்ணீரையும் இலை லேசாகத் தொங்கப் பார்க்கும்வரை பிடித்துவைத்தேன். இரவு 10 பாகைக்குக் கீழே என்றால் வண்டில் கராஜுக்குள்.

கறிவேப்பிலைச் சாடிக்கும் இதே விதிதான். குளிர்காலம் முழுவதும் யன்னலோரம் இருந்த மரம் என்பதால் அது பழகியது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இலையும் வெளி வெயிலில் எரியும்.

நட்டது

மே நடுப்பகுதியைத் தாண்டி, ஒரு மேகமான மாலையில் நட்டேன். லைலாக் பூத்திருந்தது. இங்குள்ள பழையவர்கள் லைலாக் முழுதாகப் பூக்கும்போது தக்காளி நடலாம் என்பார்கள், நாள்காட்டியைவிட அந்தப் பூவை நான் கூட நம்புகிறேன். இரண்டு வரிசையில் பத்துக் கத்தரி, ஒன்றரை அடிக்கு ஒன்று; ஓரத்தில் மிளகாய். தக்காளிக்கு இந்தக் கூடாரத்தில் இடமில்லை, அது வேலியோரம் தன்பாட்டில் பிழைக்கும் சாதி.

ஒவ்வொரு கன்றின் கழுத்தைச் சுற்றியும் அடி வெட்டிய தயிர்ப் பேணி ஒன்றை மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அழுத்தி வைத்தேன். வெட்டுப்புழு மண்ணுக்குள் சுருண்டு கிடந்து இரவில் வந்து தண்டை நிலமட்டத்தில் அறுத்துப் போட்டுவிட்டுப் போகும். கன்றைத் தின்றாலும் மனம் ஆறும். அது வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. பேணியின் சுவர் அதற்குப் போதும்.

கன்றுகளுக்கு நடுவே இரண்டு லீற்றர் சோடாப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, கறுப்புப் பூச்சடித்துப் படுக்க வைத்தேன். பகலில் சூடேறி இரவில் விடும். ஒரு லீற்றர் தண்ணீர் 20 பாகையிலிருந்து 5 பாகைக்கு ஆறும்போது 60 கிலோஜூலுக்கு மேல் சூட்டை விடும். உறையத் தொடங்கினால் அதைப்போல் ஐந்து மடங்கு விடும், ஆனால் நிலைமை அந்த அளவுக்குப் போனால் கத்தரியைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. தனியாக நட்ட கன்றுகளுக்கு நான்கு லீற்றர்க் கலனின் அடியை வெட்டிக் கவிழ்ப்பது நல்ல வழி. அமெரிக்கக் குறிப்புகளில் எல்லாம் பால் கலன் என்று எழுதுகிறார்கள். ஒன்ராறியோவில் பால் பெரும்பாலும் பையில் வருவதால் நாங்கள் வினாகிரிக் கலனைத்தான் தேட வேண்டும். மூடியைக் கழற்றி வைக்க மறக்கக்கூடாது.

அந்த மாதக் கடைசிக்குள் ஒரு தெளிந்த இரவு வந்தது. உறைபனி அறிவித்தல் மாலையிலேயே வந்துவிட்டது. தடித்த துணியை மெல்லியதற்கு மேலே போட்டு, முனைகளை இறுக்கி, உள்ளே ஒரு வெப்பமானியும் வெளியே புல்லில் ஒன்றும் வைத்தேன். இரண்டும் ஆகக் குறைந்த வாசிப்பை நினைவில் வைத்திருக்கும் வகை. விடிய வெளியே பூச்சியத்துக்கு ஒரு பாகை கீழே, உள்ளே 4. அயலில் மூடாமல் விட்ட துளசி கறுத்திருந்தது. கத்தரி இலை ஒன்றுகூடச் சுருங்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் தடித்த துணியை எடுத்துக் கொடியில் காயப் போட்டேன். பனி உருகிய ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நாலுகால்களும் ஆறுகால்களும்

முயல் கடித்த தண்டு கத்தியால் சரித்து வெட்டியதுபோல இருக்கும். மிளகாய்க் கன்றென்றால் மொட்டைதான் மிஞ்சும். துணி அதற்குத் தடையே இல்லை. பாத்தியைச் சுற்றி இரண்டடி உயரக் கோழிக்கம்பி வலையை, அடியில் ஒரு சாண் வெளிப்பக்கமாக வளைத்துப் புதைத்து நிறுத்தினேன். வலைக்குக் கீழால் தோண்ட வருகிற முயல் வேலிக்குக் கிட்டவே தோண்டும். இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தெரியாது. அணிலுக்கு எதைச் செய்தும் பலனில்லை என்பது என் கருத்து. கொத்திய மண்ணைக் கண்டால் எதையாவது புதைக்கவோ தோண்டவோ வந்தே தீரும். விதை போட்ட இடங்களில் அரை அங்குலக் கம்பி வலையை முளை வரும்வரை படுக்கப் போட்டு வைத்தேன். ரக்கூன் புதிதாகத் தண்ணீர் விட்ட மண்ணைப் புழுவுக்காகக் கிளறும். மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் வரவு குறைந்தது.

மெல்லிய துணியின் உண்மையான வேலை ஜூன் தொடக்கத்தில்தான் தெரிந்தது. கத்தரிக்கு இந்த நாட்டில் வரும் முதல் எதிரி தெள்ளு வண்டு. மிளகு விதையைவிடச் சின்னது, கறுப்பு, தொட்டால் துள்ளும். இலையை ஊசியால் குத்தித் தள்ளியதுபோல ஓட்டையாக்கிவிடும். சின்னக் கன்றென்றால் வளர்ச்சி நின்றுபோகும். நட்ட அன்றே துணி மூடியிருந்ததால் உள்ளே அனேகமாக ஒன்றும் வரவில்லை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. வண்டு குளிர்காலத்தை மண்ணிலும் சருகிலும் கழிக்கும். போன ஆண்டு கத்தரி நின்ற அதே பாத்தியில் இந்த ஆண்டும் நட்டு மூடினால், வண்டையும் சேர்த்து உள்ளே அடைத்து விருந்து வைத்ததாகும். புதுப் பாத்தி என்பதால் எனக்கு இந்த ஆண்டு பிரச்சினை இல்லை. அடுத்த ஆண்டு இந்தப் பாத்தி பயிற்றைக்கு, கத்தரிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

பாகலும் புடோலும் முன்வேலியில் வேறு துணிக்குள் இருந்தன. அங்கே மஞ்சளில் கறுப்புக் கோடிட்ட வெள்ளரி வண்டுக்குப் பயந்து மூடியது. முதல் பூ விரிந்த அன்றே அந்தத் துணியை எடுத்துவிட்டேன். அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ உள்ளே வராவிட்டால் பிஞ்சு பிடிக்காது. கத்தரிப் பூ தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், காற்றோ வண்டோ அசைத்தால் போதும். ஆனாலும் ஜூன் பாதியில் இரவு 15 பாகைக்கு மேல் நிற்கத் தொடங்கியதும், துணிக்குள் மத்தியானச் சூட்டில் பூ கொட்டும் என்பதால் கூடாரத்தைத் திறந்துவிட்டேன்.

திறந்த அன்றிலிருந்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் வேலை. கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்குப் பெயர் உருளைக்கிழங்கு என்றாலும் கத்தரி என்றால் உயிர். செம்மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இலைக்கு அடியில் நிமிர்த்தி ஒட்டும். கண்ட இடத்தில் விரலால் நசுக்கினால் முடிந்தது. பொரித்து சிவந்த குண்டுப் புழுக்களாக வெளிவந்தால், சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு ஒவ்வொரு காலையும் சுற்ற வேண்டும்.

குழாய்களைக் கழற்றவில்லை. செப்ரெம்பர் கடைசியில் இரவுகள் மறுபடி 10 பாகைக்குக் கீழே போகும்போது, அதே சட்டத்தை உருட்டி இறக்கினால் மிளகாய் ஒக்ரோபர் வரை காய்க்கும். மெல்லிய துணியில் இரண்டு இடத்தில் கவ்வி கிழித்திருந்தது. பொதி ஒட்டும் தெளிந்த ரேப்பை இரு பக்கமும் ஒட்டி, கழுவிக் காயவைத்து, எலி ஏறாத பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு மூடி கராஜில் வைத்திருக்கிறேன்.